மூத்தவர் அடைத்த தோட்டாக்கள்

அந்த வீட்டில் தோட்டாவுக்கு வெடிமருந்து அடைக்கும் உரிமை மூத்தவர் கோட்டைச்சாமிக்கு மட்டும்தான். முந்தின நாள் அவர் தம்பி இருளப்பன் சுட்ட காட்டெருமை, விழாமல் காயத்தோடு ஓடி, தேனெடுக்க வந்தவனைக் குத்திக் கொன்றுவிட்டது. காலையில் ஊரே முற்றத்தில் நிற்க, கோட்டைச்சாமி தம்பியைக் கிழித்தெடுத்தார். "நம்ம வம்சத்துல எவன்டா மிருகத்தை நொண்டியா விட்டான்? கை நடுங்குறவனுக்கு எதுக்குடா ரைஃபிள்?"

காயம்பட்ட அந்த எருமையை இன்றே சுட்டு முடிக்கத் தம்பிக்குத் தோட்டா பொறுக்க உள்ளே வந்தவர், ஆத்திரம் அடங்காமல், தான் அடைத்ததில் குறையில்லை என்று காட்ட, நேற்றுத் தம்பிக்குக் கொடுத்த பெட்டியில் மிஞ்சியதில் ஒன்றின் குண்டைக் கழற்றி மருந்தைத் தராசில் கொட்டினார். அளவில் பாதிதான் இருந்தது. இன்னொன்றைக் கழற்றினார். அதுவும் பாதி. மூன்றாவதைத் தொடவில்லை. தராசின் மேலும் தன் கண்களின் மேலும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை மேசைக்கடியில் காலால் தள்ளினார். பழைய பெட்டியிலிருந்து ஐந்தை எடுத்து, நிலைப்படியில் நின்ற தம்பியிடம் நீட்டினார்.

இருளப்பன் ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நேத்துக் குடுத்தது உள்ள மணல் மாதிரி சலசலன்னுச்சு. இது கெட்டியா இருக்கு."

"பேச்சைக் குறைடா. பொழுது ஏறுது, கெளம்பு!"

"கெளம்புறேன். எல்லாரும் இன்னும் வெளியதான் நிக்கிறாங்க. நீங்க வந்து தோட்டாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க."

கோட்டைச்சாமி கையை ஓங்கினார். தம்பி நகரவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.