மீண்டும் வாருங்கள்

“நான் அருவி பார்க்க வந்த பயணி. நீங்கள் வழிகாட்டி. ஆரம்பியுங்கள்.”

மெர்லின் டீச்சர் இப்படிச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கர்ணனுக்கு வியர்த்துவிட்டது.

கம்பம் நகரில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சி வகுப்பு அது. இருபது வருடமாக எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டியவனுக்கு, பயணியின் மனதறிந்து பேசும் பாடம் மட்டும் பிடிபடவே இல்லை. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் ஜீப்பில் பயணிகளை ஏற்ற முடியாது.

சொல்லிக்கொடுத்ததை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். குறுக்கே பேசக் கூடாது. ஆறுதல் சொல்ல அவசரப்படக் கூடாது. முடிவில் சிரித்த முகத்தோடு, ‘மீண்டும் வாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

“வாங்கம்மா. நல்லபடியா வந்து சேந்தீகளா?”

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

“எம்மக இங்கனதான் குளிக்க வந்தா. போன மே லீவுல. வேணாம்னு சொல்லிருக்கலாம். நாந்தேன், போயிட்டு வா ஆத்தான்னு அனுப்பி வச்சேன்.”

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

“என்னமா நடிக்கிறாக!” என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

கர்ணன் தரையில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த பவானி, நேரம் முடிந்துவிட்டதென்று கையைக் காட்டினாள்.

கடைசி வரிதான் பாக்கி. கர்ணன் வாயைத் திறந்தான். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்றுகூட யாரும் சொல்வதில்லை. இங்கே, மீண்டும் வா என்பதா? நடிப்பே என்றாலும் நாக்கு எழவில்லை.

எழுந்தான். ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல், வாசலைத் தாண்டி நடந்தான்.

உள்ளே மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. மூன்றாவது முறையும் போச்சு. வெளியே நின்ற தன் ஜீப்பின் மேல் கையை ஊன்றி நின்றான்.

பவானி மதிப்பெண் தாளோடு ஓடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தான்.

“அண்ணே, டீச்சர் நடிக்க வேண்டிய பயணி, அருவி மூடிக் கெடக்குன்னு சண்ட போடுற ஆளுன்னுதான் இதுல போட்டிருக்கு. மக செத்துப்போன கதையெல்லாம் இதுல இல்லண்ணே.”

மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“டீச்சர் இன்னும் பெஞ்ச விட்டு எந்திரிக்கல.”