எதை விட்டோம்?

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வலது கண் மேல் சத்தியம். இடது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருப்பதால் அதைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

அன்று நான் எம்.எஸ்சி. வேதியியல் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்தேன். மின்துறையில் ஓய்வு பெற்று, விழிதியூர் வீட்டில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கப் பிடிக்காமல் படிக்கச் சேர்ந்தவன்.

வெளியே மழை காதை அடைத்தது.

துறைத் தலைவர் சோமசேகரன் சொட்டச் சொட்டக் குடையோடு வந்து முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் சுகிர்தா, கௌரவ விரிவுரையாளர். என் பேத்தி வயது, ஆனாலும் மேடம்தான். அவருடைய ஒப்பந்தம் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வகுப்பை நேரில் பார்த்துச் சோமசேகரன் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடம் வேலை. போடாவிட்டால் மறுநாள் முதல் வர வேண்டியதில்லை.

சுகிர்தா பலகையில் எழுதினார்: 'ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு குளத்தில் குளிப்பவர்களின் நல்லெண்ணெய், தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவினால் எவ்வளவு இடத்தை மூடும்?'

அவ்வளவுதான். எண் ஒன்றுகூட இல்லை.

"நம்பரே இல்லாம கணக்கா? ஏம்மா, இது கெமிஸ்ட்ரியா, ஜோசியமா?" என்றார் சோமசேகரன்.

"ஜோசியத்துல விடைய முதல்லயே சொல்லிடுவாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. பயமாக இருந்தது.

சுகிர்தாவின் வழி அப்படி. தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததை நியாயமாக ஊகிக்க வேண்டும். விடை வந்ததும் பலகையின் அடியில் 'எதை விட்டோம்?' என்று எழுதுவார். அதற்கும் நாங்களே பதில் தேட வேண்டும். அவராக வாயைத் திறக்க மாட்டார். வேலையே போனாலும்.

ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் என்றான் ஜெயபிரகாஷ். பெயர்ச்சி இல்லாத சாதாரணச் சனிக்கிழமைக்குப் பதினைந்தாயிரம் பேர் என்றாள் பிரதீபா. மூலக்கூறின் நீளத்தை நான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பெருக்கினோம். வகுத்தோம்.

எண்ணெய் குளத்தை மூடியது. படியேறித் தெருவுக்கு வந்தது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, கிளிஞ்சல்மேட்டில் கரையேற்றியிருந்த பைபர் படகுகளுக்கு அடியில் வழுக்கிப் போனது. பலகையில் பூஜ்யம் கூடக் கூட, சோமசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பார்த்தேன். வலது கண்ணால்.

மாவட்டம் முழுவதையும் மூடிய எண்ணெய், வாஞ்சூர் சோதனைச் சாவடியில் போய் நின்றது. அந்தப் பக்கம் தமிழ்நாடு. தாண்டிப் போக அதற்கு அனுமதி இல்லை.

"தப்பு," என்றார் சோமசேகரன், காலை இறக்காமலே. "இதுல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. பெல் அடிக்கிறதுக்குள்ள உங்க பசங்க சொல்லட்டும், கையெழுத்து போடுறேன்."

சுகிர்தா 'எதை விட்டோம்?' என்று எழுதினார். கேள்விக்குறியில் சாக்பீஸ் உடைந்தது.

வெயில் என்றோம். காற்று என்றோம். "மீன் குடிச்சிருக்கும் மேடம்," என்றான் ஜெயபிரகாஷ். எதற்கும் சோமசேகரன் தலை அசையவில்லை.

நாங்கள் எல்லோரும் அந்தக் குளத்தில் எண்ணெய் வைத்துக் குளித்தவர்கள். கட்டியிருந்த துணியை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள். அதுதான் சங்கடமாகப் போயிற்று.

எனக்கு முந்தின பெஞ்சில் கமர் நிஷா எழுந்தாள்.

"நான் குளிச்சதில்ல மேடம். பஸ்ல போறப்ப பாக்குறதோட சரி. எதை விட்டோம்னு கேக்குறீங்களே... துணியத்தானே எல்லாரும் விட்டுட்டு வர்றாங்க? எண்ணெயில பாதி அதுல இருக்காதா?"

விடையை இரண்டால் வகுத்தோம்.

பிறகு எண்ணெய் சுருங்க ஆரம்பித்தது. சாவடியை விட்டது, விழிதியூரை விட்டது, எங்கள் கல்லூரி வாசலையும் விட்டுப் பின்வாங்கியது. சோமசேகரன் கட்டைவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை இறக்கினார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு கோடும் இழுத்தார்.

சுகிர்தா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தார். பலகை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

வகுப்பு முறைப்படி கடைசிக் கேள்வியை என்னிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஆமாம், ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்று கனமழைக்காகக் காரைக்கால் முழுவதும் கல்லூரிகளுக்கு விடுமுறை. அது தெரியாமல் வந்திருந்தது சுகிர்தாவும் நானும் மட்டும்தான்.