ஒரு சொட்டுச் சட்னி

"ஏனுங்க டீச்சர், பாப்பாவைச் சேத்த அன்னைக்கே சொன்னனுங்களே! கடலக்காய் அலர்ஜிங்க, தொண்டை அடைச்சுக்கும்னு உங்க கையப் புடிச்சுச் சொன்னனுங்களே!"

பூபதிராஜா சுவரில் சாய்ந்துகொண்டார்.

எலப்புள்ளியில் இருக்கும் அந்த டே கேரில்தான் மகள் தமிழ்ப்ரியாவை விட்டுவிட்டு அவரும் மனைவியும் வேலைக்குப் போவார்கள். போன வாரம் நிலக்கடலைச் சட்னி நாக்கில் பட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. இன்று அவளுடைய பையை எடுத்துப் போக வந்திருந்தார்.

டீச்சர் ஜோமோள் குனிந்த தலை நிமிரவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களும் சட்னி தொட்டுச் சாப்பிட்டாங்க. அவ மட்டும் வெறும் தோசையைப் பார்த்து அழுதா. பாவமா இருந்துச்சு... ஒரு சொட்டுதான் வச்சேன்."

"பாவம் பாத்தாளாம், பாவம்!"

கூடியிருந்த பெற்றோர்களில் ராஜஸ்ரீயின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"அலர்ஜின்னு சொன்னப்புறமும் குடுத்தா அது கொலை! என் அமர்நாத்துக்கும் முட்டை அலர்ஜி. நாளைக்கு அவனுக்கும் பாவம் பாத்து ஒரு துண்டு குடுக்க மாட்டாள்னு என்ன நிச்சயம்? போலீஸுக்குப் போங்கோ சார். நானே வந்து சாட்சி சொல்றேன்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்!

"போலீஸுக்குப் போனா எம்புள்ள வந்துருவாளுங்களா?" பூபதிராஜா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா போறனுங்க. இப்பவே போறனுங்க. அவ பையைக் குடுங்க."

ஜோமோள் உள்ளே போனாள். தண்ணீர் பாட்டில், மாற்றுக் கவுன் என்று ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தாள். ராஜஸ்ரீ விடவில்லை, பின்னாலேயே வந்தாள்.

"பெத்த தகப்பன் அத்தனை தூரம் சொல்லியிருக்கார். ஏன் நம்பலை நீ?"

ஜோமோள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அமர்நாத் வாரா வாரம் பக்கத்துப் பிள்ளைங்க தட்டுலேர்ந்து முட்டை எடுத்துத் தின்னுவான் சேச்சி. முதல் நாள் பார்த்தப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் அவனை மடியை விட்டு இறக்கலை. அவனுக்கு ஒண்ணுமே ஆகலை. சொன்னா அடி விழுமேன்னு உங்ககிட்ட சொல்லலை."

ராஜஸ்ரீ வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்காத்துல முட்டை சேர்க்க மாட்டோம். சும்மா வேண்டாம்னு சொன்னா மறந்துபோய்க் குடுத்துடுவேளோன்னுதான்... அலர்ஜின்னு சொல்லி வச்சேன்."

ஜோமோள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தமிழ்ப்ரியா வீட்டுலயும் அப்படித்தான் ஏதோ சொல்லி வச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டேன் சேச்சி."