மேகத்துக்கு மேலே ஒரு மாப்பிள்ளை

"உச்சியில நின்னு கீழே பார்த்தேன் பாருங்க மாமா, மேகமெல்லாம் என் காலுக்குக் கீழே!"

பெண்ணைப் பெற்ற பெரியவர் முகத்தைச் சுளித்தார். கல்யாணப் பேச்சு இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் பையன் 'மாமா' போட்டுவிட்டான். அது பிடிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு அவன் கொண்டுவந்து மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த போட்டோ அதைவிடப் பிடிக்கவில்லை. பெண் கேட்டு வருகிறவன் தன் படத்தைத் தானே சுமந்துகொண்டா வருவான்?

படத்தில் கொடி இருந்தது, கறுப்புக் கண்ணாடி இருந்தது, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி இருந்தது. ஆள்தான் தெரியவில்லை.

"இது நீதான்னு என்ன நிச்சயம்?"

"மலைக்குக் கூட்டிட்டுப் போன கம்பெனியில சர்டிபிகேட்டே குடுத்திருக்காங்க மாமா."

"குடுப்பான். அவனுக்கு அதுதானே பொழப்பு."

பையனின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "அண்ணே, இவன் இறங்கி வந்த அன்னிக்கு ஆபீஸே இவன்கூட நின்னு செல்ஃபி எடுத்துச்சு."

பெரியவர் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், அதே சிகரத்தில், அவரும் அவருடைய கூட்டாளியும்தான் முதலில் கால் வைத்தார்கள். பனி மூன்று கால்விரல்களைத் தின்றுவிட்டது. கை விறைத்துக் காமிராவை அழுத்த வராததால் படமும் இல்லை. இறங்கி வந்தபோது ஊரே தோளில் தூக்கியது. இன்றைக்குத் தெருமுனையில் வீடு விசாரித்தால், "அந்த நொண்டிக் கிழவனா?" என்கிறார்கள்.

"நீங்களும் ஏறியிருக்கீங்களாமே! அப்போ உங்களுக்கு ஈஸி மாமா. மேலே ஆளே கிடையாது. எனக்கு முன்னால அறுபது பேரு. க்யூவுல நாலு மணி நேரம் நின்னேன்."

"பல்லு புடுங்கப் போனாக்கூட அவ்வளவு நேரம் ஆகாது. கயிறு யாரு கட்டினது?"

"கம்பெனி ஆளுங்க."

"மூட்டை தூக்கினது?"

"அவங்கதான்."

"டீ?"

"கூடாரத்துக்கே வந்துடும் மாமா."

"அப்ப நீ என்னதான்யா பண்ணின?"

"ஏறினேன் மாமா!"

பெரியவருக்குத் தலை சுற்றியது. இவனுக்கு அந்த உயரத்தில்கூடச் சுற்றியிருக்காது போல.

"தனியாவா?"

"கடைசி முகாம்ல என் கைடுக்கு ஒரே வாந்தி. இருட்டுல வேற ஒருத்தனை அனுப்பினாங்க. ஒல்லிப் பய. மூஞ்சியும் தெரியல, வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் பேசல. இறங்கும்போது அவனுக்குக் காலு வெடவெடன்னு உதறுது. நான்தான் தோளைப் புடிச்சு இறக்கிவிட்டேன். பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்குமில்ல?"

கதவோரம் நின்றிருந்த பெண்ணுக்குப் புரையேறியது.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்றாள் பையனின் அம்மா.

"டூரிஸ்ட் கம்பெனியில," என்றார் பெரியவர். அதற்குமேல் விவரம் சொல்ல இவர்கள் யார்?

"அதெல்லாம் கல்யாணத்தோட நின்னுடணும். இதுல என் மகன் ரொம்பக் கண்டிப்பு."

"ஆமா மாமா. எங்க வீட்டுல நான் சொன்னா சொன்னதுதான்."

பெரியவர் எழுந்தார். நொண்டிக்கொண்டே உள்ளறைக்குப் போய் மகளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னால முடியலம்மா. போட்டோவைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டுங்கன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்ப்பா. சம்மதம்னு சொல்லுங்க."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? டீ குடிச்சுக்கிட்டே மலை ஏறினவன். உன் வேலைக்கே உலை வைக்கிறான். வேலைதான் உன் உயிரும்பே!"

"வர்ற மாப்பிள்ளை எல்லாம் அதைத்தான் கேக்கப் போறாங்க. இவரா இருந்தா நான் வேலையை விட வேண்டியதே இல்லப்பா."

"எந்த தைரியத்துல சொல்ற?"

மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்த ஒல்லிப் பய நான்தாம்ப்பா. பனியில உக்காந்து என் ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு, 'என்னை உயிரோட இறக்கிவிடு, ஆயுசு முழுக்க நீ சொன்னபடி கேக்குறேன்'னு இவர் அழுததெல்லாம் என் ஹெல்மெட் காமிராவுல பதினோரு நிமிஷம் ஓடுது."