வலப்பக்கம் மட்டும்

சைக்கிள் கேரியரைப் பிடித்திருந்த கணவரின் கை எப்போது விட்டது என்று அவளுக்குத் தெரியாது.

தெற்கு வீதி முனையில் வலப்பக்கம் திரும்பினாள். மேலவீதி. மறுபடி வலப்பக்கம். வடக்கு வீதி, கீழவீதி. கோயிலை முழுச் சுற்றாகச் சுற்றி, தன் வீட்டு வாசலில் விழாமல் இறங்கினாள்.

அவர் புறப்பட்ட இடத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் எப்பங்க திருப்பறது?"

"சாமிய எதிர்ப்பக்கமாச் சுத்தக் கூடாதுடி. நாளைக்கு ஆத்தங்கரைக்குப் போவோம். அங்க எந்தச் சாமியும் இல்ல."

அன்று இரவு அவருக்கு நெஞ்சு வலித்தது.

மறுநாள் ஆற்றங்கரைக்கு அவர் மட்டும் போனார்.

இட்லி மாவு அரைப்பது அவள் வேலை. கீழவீதியில் குஞ்சிதத்தின் மெஸ்ஸுக்குக் கொண்டுபோவது அவர் வேலையாக இருந்தது.

முதல் சில நாள் மாவு வாளியைக் கேரியரில் டியூப் ரப்பரால் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வழியெல்லாம் ஒரே சொல். பாவம்.

ஒருநாள் ஏறி மிதித்தாள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

பிறகு அவள் இறங்கவேயில்லை.

ஆனால் வீட்டிலிருந்து கீழவீதிக்கு இடப்பக்கம் திரும்பினால் கூப்பிடு தூரம். வலப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்தவளுக்கு மூன்று வீதி. தினமும் மேற்கே கிளம்பி, கோயிலைச் சுற்றிக்கொண்டு, கிழக்கே இருக்கிற மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பக்கிரிசாமி கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணன் போனதுலேருந்து அக்காவுக்கு என்னா பக்தி!"

அவள் தலையாட்டிக்கொண்டே மிதித்தாள்.

அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்.

நின்னா விழுவ, மிதி.

கீழ பாக்காத.

பாக்குற எடத்துக்குத்தான் வண்டி போவும்.

அதை வைத்தே நாட்களை ஓட்டினாள். விடிந்ததும் எதற்கு எழுவது என்று தோன்றினால், மிதி. மகள் போனில் அழுதால், "கீழ பாக்காதடி."

இடப்பக்கத்துக்குத்தான் பாடம் இல்லை.

ஒருநாள் காலையில் மேலவீதி முனையை அடைத்துக்கொண்டு தேர் நின்றது. முந்தின நாள் இழுத்தது, அங்கேயே நிறுத்திவிட்டார்கள். குறுக்கே கயிறு. இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர்.

மெஸ்ஸில் இட்லிக் கொப்பரை கொதிக்கிற நேரம்.

"தள்ளிக்கிட்டே போயிருங்கக்கா," என்றான் பக்கிரிசாமி. "பாவம், எதுக்குச் சிரமம்?"

அவள் சைக்கிளைக் கிழக்கே திருப்பி வைத்தாள்.

ஏறினாள்.

கீழவீதி முனை வந்தது. திருவிழாக் கூட்டம். வளையல் கடை. நட்டநடுவே பலூன்காரர்.

கை இடப்பக்கம் திருப்பியது. உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது.

பெல்லை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. அது துருப்பிடித்து எவ்வளவோ காலம்.

வாயைத் திறந்தாள்.

"ஓரம்! ஓரம்! பிரேக் இல்லாத வண்டி வருது!"

பிரேக் இருந்தது. அவர் அப்படித்தான் கத்துவார்.

பலூன்காரர் குதித்து விலகினார். ஒரு பலூன் வெடித்தது. வளையல் கடைக்காரி, "அம்மாடி!" என்று தட்டைத் தூக்கிக்கொண்டாள். வீதி இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மெஸ் பலகையைப் பார்த்தாள்.

உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

பலகை எதிரே வந்தது.

குஞ்சிதம் தோசைக்கரண்டியோடு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வீதியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் யாரையோ தேடினாள்.

பிறகுதான் இவளைப் பார்த்தாள்.

கரண்டியைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா," என்றாள். "இன்னிக்கு சாமிக்கு லீவா?"

அவள் சிரித்தாள். வாளியின் விளிம்பில் வழிந்திருந்த மாவை விரலால் வழித்து உள்ளே விட்டாள்.

தேர் நிலைக்குப் போனது. கயிற்றை அவிழ்த்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் வழி.

அவள் இடப்பக்கம் போகிறாள். வரும்போது, நேரமிருந்தால், சுற்றிக்கொண்டு வருகிறாள்.

பக்கிரிசாமி புது பெல் ஒன்று வாங்கிவந்தான். "காலங்காத்தால ஊரையே எழுப்புறீங்க. மாட்டிக்குங்கக்கா."

வாங்கி அலமாரியில் வைத்தாள்.

சைக்கிளில் பழைய பெல்தான் இருக்கிறது.

அடிக்காது.