தீவுக்கு ஒரே சங்கம்

ஒரு தீவுத் தவளை கடலைப் பார்த்துக் கூப்பிட்டது. "அக்கரையில யாராச்சும் இருக்கீங்களா? எனக்கு இன்னிக்கு ஒரே முட்டிவலி." பதிலுக்கு அலைச்சத்தம்தான் வந்தது. தவளை விடவில்லை, தினமும் கூப்பிட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தீவுக்கு ஒரே சங்கம் இருந்தால்தான் அங்கீகாரம், அங்கீகாரம் இல்லாத தீவுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது உலகத் தவளைப் பேரவையின் சட்டம். இங்கேயோ குளத்துச் சங்கமும் கிணற்றுச் சங்கமும் ஒன்றுக்கொன்று முகம்கொடுத்துப் பேசாது.

தவளை இரண்டிடமும் நடையாய் நடந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒன்றுசேர்த்து மனுப் போட்டது. பதினோராம் வருஷம் அங்கீகாரக் கடிதத்தைக் கடற்காகம் கொண்டுவந்து போட்டது.

அன்றும் தவளை கடலைப் பார்த்துக் கூப்பிட்டது. "யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே!" அக்கரையிலிருந்து உடனே ஒரு குரல் வந்தது. "மொத நாள் முட்டிவலின்னு சொன்னீங்களே, இப்ப தேவலையா?"