ஓர் எழுத்து

“பெரிய மாலையாப் பார்த்துக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு,” என்றாள் அழகம்மா. கல்யாண நாளா என்று பூக்காரர் கேட்டார். அவள் லேசாகச் சிரித்தாள். மகள் லோஜினிதான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் கண்டி நகரச் சதுக்கத்தின் ஓரமாக நின்ற பழைய கட்டடம் ஒன்று சரிந்தது. அங்கே குப்பை அள்ளிக்கொண்டிருந்த அழகம்மாவின் கணவர், மஹய்யாவ ஊர் முத்துலிங்கம், உள்ளே ஓடி இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தார். மூன்றாவது பிள்ளையைத் தேடிப் போனவர் திரும்பவில்லை.

ராஜாவுக்குச் சிலையும் வெள்ளைக்காரத் துரைக்குத் தூணும் இருந்த அந்தச் சதுக்கத்தில் அவருக்கும் ஒரு கல் வைத்தார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதினார்கள். தமிழில் ‘பிறருக்காக உயிர் கொடுத்தவர்’ என்று வந்திருக்க வேண்டும். ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ம’ இருந்தது.

வழியில் போனவர்களெல்லாம் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அழகம்மா அந்தப் பக்கமே வரவில்லை. டவுனுக்கு வந்தாலும் முந்திய தரிப்பிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சுற்றி நடந்து போனாள்.

கல் வைத்த குழுவின் செயலாளர் யுகேஷிடம் லோஜினி நடையாய் நடந்தாள்.

“கல்லுல வெட்டுன எழுத்து டீச்சர். மாத்துறது லேசில்ல.”

“ஒரு எழுத்துத்தாங்க.”

“எனக்கு வெளங்குது. நானும் தமிழன்தானே?”

நேற்று அவரே போன் எடுத்தார். “வேல முடிஞ்சிருச்சு டீச்சர். இனி ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க.”

அழகம்மா மாலையை மார்போடு அணைத்தபடி சதுக்கத்துக்குள் வந்தாள். யுகேஷ் மரியாதையாக எழுந்து நின்று, கல்லை மூடியிருந்த வெள்ளைத் துணியை இழுத்தார். புதிதாகத் தீட்டிய கல் வெயிலில் பளபளத்தது.

அவள் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“அப்பா பேரு எந்த வரியில புள்ள இருக்கு?”

யுகேஷ் கைக்குட்டையை எடுத்துக் கல்லில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

“தமிழையே எடுத்துட்டோங்க அம்மா.”